நகை கைமாறும்போது உண்மையும் கைமாறட்டும்

அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள கேலப் நகரம் அடகுக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. அந்தக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் நவஹோ மக்களின் பழைய வெள்ளி நகைகளைக் காணலாம். கனத்த காப்புகள், பெரிய வட்டத் தகடுகளைக் கோத்த கோன்சோ இடைக்கச்சைகள், பிறை வடிவப் பதக்கம் தொங்கும் கழுத்து மாலைகள் என்று பலவகை. பெரும்பாலானவற்றில் நீலமும் பச்சையும் கலந்த டர்க்காய்ஸ் கல் பதிக்கப்பட்டிருக்கும். இதே நகைகள் சாண்டா ஃபே நகரின் கலைக்கூடங்களிலும் பெருநகரங்களின் ஏலங்களிலும் பன்மடங்கு விலைக்குப் போகின்றன.

இப்படிப்பட்ட ஒரு நகைமீது அக்கறை கொண்டவர்கள் பலர். அதைச் செய்தவரின் வாரிசுகள், அதை அடகுக்கு வாங்கிய வியாபாரி, ஆசையோடு தேடிப்பிடித்த சேகரிப்பாளர், அதே வேலையை இன்றும் செய்து பிழைக்கும் இளம் கைவினைஞர், காட்சிக்கு வைத்த அருங்காட்சியகம், முதன்முறையாக ஒரு மோதிரம் வாங்க வரும் பயணி என்று பட்டியல் நீளும். இவர்களுக்கிடையே கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. ஒவ்வொருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர்கள் அனைவருக்கும் பொதுவான நலன் ஒன்று உண்டு. நகையை யார் செய்தார், எப்போது செய்தார், கல் எத்தகையது, எந்த வழியாக இங்கு வந்தது என்ற உண்மை நகையோடு சேர்ந்து நிலைக்க வேண்டும். அந்த உண்மை தொலைந்தால் எல்லோருக்கும் நட்டம். அதைக் காப்பதும் எல்லோருடைய பொறுப்பாகவே இருக்க முடியும்.

பலர் கைபட்டு வளர்ந்த கலை

தங்களை டினே என்று அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்கள் இன்று ஏறத்தாழ 4 லட்சம் பேர். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது அவர்களுடைய தன்னாட்சிப் பகுதி. விண்டோ ராக் அதன் தலைநகர். டர்க்காய்ஸ் அவர்களுடைய வழிபாட்டோடும் நிலத்தோடும் பிணைந்த கல். அவர்களது மண்ணைச் சூழ்ந்து நிற்கும் நான்கு புனித மலைகளில் தெற்கே உள்ள டெய்லர் மலைக்கு உரியது அது. கிழக்கு மலைக்கு வெண்சிப்பியும் மேற்கு மலைக்கு அபலோனி சிப்பியும் வடக்கு மலைக்கு ஜெட் என்னும் கருங்கல்லும் உரியவை.

வெள்ளி வேலை அவர்களிடம் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். முதல் நவஹோ வெள்ளிக் கொல்லர் என்று பரவலாகக் கருதப்படும் அட்சிடி சானி, மெக்சிகோக் கொல்லர் ஒருவரிடம் இரும்பு வேலை கற்றவர். 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களைப் பணியவைத்து, சுமார் 500 கிலோமீட்டர் தூரம் நடத்திச் சென்று, போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே சிறைப்பட்டிருந்தனர். பசிக்கும் நோய்க்கும் பலர் பலியாயினர். 1868 ஜூன் 1 அன்று ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகே அவர்களால் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. எல்லாவற்றையும் இழந்து திரும்பிய அந்தத் தலைமுறையில்தான் வெள்ளி வேலை பரவியது. அட்சிடி சானி தன் மகன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்களிடமிருந்து மற்றவர்கள் கற்றார்கள்.

முதலில் கிடைத்த வெள்ளி, நாணயங்களை உருக்கி எடுத்தது. அமெரிக்க நாணயங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருந்தது. அதை உருக்குவதற்குக் கெடுபிடி வந்தபோது மெக்சிகோ நாட்டு பெசோ நாணயங்கள் கைகொடுத்தன. ஃபோர்ட் விங்கேட் முகாமில் ராணுவ மருத்துவராக இருந்த வாஷிங்டன் மாத்யூஸ், 1880களின் தொடக்கத்தில் நவஹோ கொல்லர்களின் வேலையை அருகிலிருந்து பார்த்து எழுதிவைத்தார். ஆட்டுத்தோல் துருத்தி, மண்ணால் கட்டிய உலை, கிடைத்த இரும்புத் துண்டே பட்டடை. இவ்வளவுதான் அவர்களுடைய கருவிகள். வெள்ளியில் டர்க்காய்ஸ் பதிக்கும் வழக்கம் 1880ஐ ஒட்டித் தொடங்கியது.

நவஹோ நகைகளின் அடையாளமாக உலகம் அறிந்த வடிவங்கள் சிலவும் வெளியிலிருந்து வந்தவையே. ‘நாஹா’ என்னும் பிறைப் பதக்கம் ஸ்பானியர்களின் குதிரைக் கடிவாள அணியிலிருந்து வந்தது. பூசணிப்பூ மாலை என்று சொல்லப்படுவதில் உள்ள பூமணிகள், ஸ்பானிய உடைகளில் இருந்த மாதுளை வடிவ வெள்ளி அணிகளைப் பார்த்து உருவானவை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நவஹோ கைகள் அவற்றை எடுத்து, தம் ரசனைக்கேற்ப மாற்றி, தம்முடையதாக்கிக்கொண்டன. எனவே தூய்மை என்ற அளவுகோல் இங்கே உதவாது. செய்த கைக்கு உரிய பெயரும், செய்த விதத்துக்கு உரிய விவரமும் நேர்மையாகச் சொல்லப்படுகின்றனவா என்பதே பொருத்தமான கேள்வி.

அடகில் மூழ்கிய நகைகள்

பழைய நகைகளைப் பற்றிய வாதங்களில் மிகுந்த வலியோடு பேசப்படுவது அடகு. இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கவே தேவையில்லை. கல்யாணத்துக்குக் கழுத்தில் ஏறிய நகை விதைப்புக் காலத்தில் அடகுக் கடைக்குப் போவதும், அறுவடைக்குப் பின் திரும்பி வருவதும், சில நேரம் வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப்போவதும் நம் வீடுகளிலும் நடப்பதுதான். நவஹோ குடும்பங்களுக்கும் வெள்ளி நகைதான் வங்கி. ஆட்டு ரோமமும் நெய்த கம்பளமும் விற்கும் பருவம் வரும்வரை மாவு, சர்க்கரை, காப்பி, துணி எல்லாம் வணிகச் சாவடியில் கடனாகக் கிடைக்கும். நகை அதற்கு ஈடு.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. வியாபாரிகள் தரப்பில் சொல்லப்படுவதை ஒதுக்கிவிட முடியாது. வங்கிகளே எட்டிப் பார்க்காத ஊர்களில் கடன் கொடுக்க இருந்தவர்கள் அவர்கள்தாம். கெடு முடிந்தும் நகையை விற்காமல் பல மாதம் வைத்திருந்து கொடுத்தவர்களும், சடங்குக்கு அணிந்துகொள்ள நகையை இரவல்போலத் தந்து திரும்பப் பெற்றவர்களும் இருந்தார்கள். 1878 முதல் கனாடோ என்ற ஊரில் சாவடி நடத்திய ஜான் லொரென்சோ ஹப்பல், அந்த வட்டாரக் கம்பளத்துக்கும் வெள்ளி வேலைக்கும் சந்தை தேடிக்கொடுத்தவர். அவருடைய சாவடி இன்று தேசிய வரலாற்றுச் சின்னம்.

மறுபுறத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவரின் கணக்கைக் கடைக்காரரே எழுதி அவரே கூட்டும் இடத்தில் அநீதி நுழைவதும் எளிதாக இருந்தது. வட்டி தெரிவிக்கப்படாமல் போனதும், ஈடு வைத்த நகை சொல்லாமலே விற்கப்பட்டதும் புகார்களாக எழுந்தன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நவஹோ பகுதியில் விசாரணை நடத்தி 1973இல் அறிக்கை வெளியிட்டது. 1976இல் கடுமையான விதிகள் வந்தன. அந்த விதிகளின்கீழ் அடகுத் தொழில் செய்யச் சாவடிக்காரர்கள் முன்வரவில்லை. அதனால் அந்தத் தொழில், நவஹோ பகுதியின் எல்லைக்கு வெளியே உள்ள கேலப் போன்ற ஊர்களுக்கு நகர்ந்தது. சீர்திருத்தத்தால் ஓர் அநீதி குறைந்தது. அதே வேளையில், கடன் வேண்டியவர் இன்னும் தொலைவு போக வேண்டியதாயிற்று. இரண்டும் உண்மை.

இன்று சந்தையில் ‘பழைய அடகு நகை’ என்ற சீட்டுக்குத் தனி மவுசு உண்டு. ஒரு குடும்பம் விரும்பி அணிந்து, வேறு வழியின்றி இழந்த நகை என்பது அதன் பொருள். ஆனால் ஒருபோதும் அடகுக்குப் போகாத நகைகளுக்கும் இந்தச் சீட்டு ஒட்டப்படுகிறது என்பது தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் அறிந்ததே. உண்மையான அடகு நகையை வாங்கியவர் குற்றம் ஏதும் செய்துவிடவில்லை. அவர் சட்டப்படி விலை கொடுத்து வாங்கியவர். அந்த நகையை இழந்த குடும்பத்தின் ஏக்கமும் பொய்யில்லை. இந்த இருவருக்கும் இடையே உறவு ஏற்பட ஒரே வழி, நகையோடு அதன் அடகுச் சீட்டும் பெயரும் பாதுகாக்கப்படுவதுதான். பெயர் இருந்தால் ஒரு பேத்தி தன் பாட்டியின் நகை எங்கே இருக்கிறது என்றாவது அறிந்துகொள்ள முடியும். மனம் இருந்தால் மீட்கவும் வாய்ப்பு உண்டு.

இயந்திரமும் முத்திரையும்

ரயில் வந்ததும் சந்தை மாறியது. சாண்டா ஃபே ரயில்பாதையில் உணவகங்களும் விடுதிகளும் நடத்திய ஃபிரெட் ஹார்வி நிறுவனம், 1899இல் எடை குறைந்த நகைகளைப் பயணிகளுக்காகச் செய்யச் சொல்லி, கல்லையும் வெள்ளியையும் கொடுத்து வாங்கத் தொடங்கியது. நவஹோ மக்கள் தமக்காகச் செய்துகொண்ட கனத்த நகைகளைப் பயணிகள் பெரிதும் விரும்பவில்லை. அம்பும் இடிப்பறவையும் பொறித்த மெல்லிய காப்புகள் இப்படித்தான் பெருகின. இவை தரம் தாழ்ந்தவை என்று சிலர் ஒதுக்குவார்கள். அவற்றைச் செய்துதான் பல குடும்பங்கள் அடுப்பு எரித்தன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இன்று அவையும் நூறாண்டுப் பழமை எய்திச் சேகரிப்பாளர்களின் மதிப்பைப் பெற்றுவிட்டன.

அடுத்து வந்தது இயந்திரம். ஆல்புகெர்க்கி நகரின் மைசெல் நிறுவனம் பூர்வகுடித் தொழிலாளர்களை அமர்த்தி, அச்சு இயந்திரத்தில் வெட்டிய தகடுகளைக் கொண்டு நகை செய்தது. செய்தவர்கள் பூர்வகுடிகள் என்பதால் அது பூர்வகுடி நகைதான் என்பது நிறுவனத்தின் வாதம். கையால் அடித்துச் செய்பவரின் உழைப்புக்கு இதே பெயரா என்பது எதிர்வாதம். 1930களின் தொடக்கத்தில் கூட்டாட்சி வணிக ஆணையம் இதை விசாரித்தது. தொழிற்சாலையை மூடச் சொல்லாமல், இயந்திரம் செய்த வேலையை வாங்குபவருக்குத் தெரியச் சொல்ல வேண்டும் என்ற திசையில் அதன் உத்தரவு அமைந்தது. அந்த அணுகுமுறையில் இன்றைக்கும் பாடம் இருக்கிறது. மலிவான பொருளுக்கும் சந்தையில் இடம் உண்டு. மலிவானது அருமையானதாக வேடம் போடுவதுதான் தவறு.

1935இல் பூர்வகுடிக் கலை, கைவினைச் சட்டம் நிறைவேறி, அதன்கீழ் ஒரு வாரியம் அமைந்தது. 1930களின் பிற்பகுதியில் தரமான நவஹோ நகைகளுக்கு ‘யு.எஸ். நவஹோ’ என்ற அரசு முத்திரை குத்தப்பட்டது. வெள்ளிக் கட்டியைக் கையால் அடித்தே தகடாக்க வேண்டும், கல் இயற்கையானதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருந்தன. நோக்கம் உயர்ந்தது. ஆனால் தொழிற்சாலைத் தகட்டை வாங்கி வேலை செய்தால் ஒரு நாளில் முடிவது, கட்டியிலிருந்து அடித்தால் பல நாள் ஆகும். அந்தக் கூடுதல் உழைப்புக்கு ஈடான விலை சந்தையில் கிடைக்கவில்லை. முத்திரை நீடிக்கவில்லை. கைவினைஞரைக் காக்க வரும் விதி அவர்மீதே சுமையாக இறங்கினால் நிலைக்காது என்பதற்கு இது சான்று. முத்திரை பெற்ற அந்தச் சில நகைகள் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அரிய பொருள்களாகிவிட்டன என்பதும் கவனிக்கத்தக்கது. நம்பத்தகுந்த ஒரு சொல் நகைமீது இருந்தால் அதன் மதிப்பு காலப்போக்கில் ஏறவே செய்கிறது.

சட்டத்தின் கை எட்டும் தூரம்

1970களில் டர்க்காய்ஸ் நகைக்கு அமெரிக்கா முழுவதும் பெரும் மோகம் எழுந்தது. ‘அரிசோனா ஹைவேஸ்’ இதழ் 1974 ஜனவரியில் இதற்காகவே சிறப்பிதழ் வெளியிட்டது. மோகத்தோடு போலிகளும் வந்தன. 1990இல் அந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு வலுப்பெற்றது. பூர்வகுடிகள் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்றால், முதல் குற்றத்துக்கே 2.5 லட்சம் டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் உண்டானது. வெளிநாட்டில் செய்து இறக்குமதியாகும் இவ்வகை நகைகளில், அழியாதபடி நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்றும் சுங்க விதி உண்டு.

விதி இருந்தும் மோசடி நிற்கவில்லை. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் புலனாய்வாளர்கள் பல ஆண்டு முயன்று, பிலிப்பைன்ஸில் செய்த நகைகள் நியூ மெக்சிகோக் கடைகளில் நவஹோ நகைகளாக விற்கப்பட்டதை 2015இல் வெளிக்கொணர்ந்தனர். 2018இல் ஆல்புகெர்க்கியைச் சேர்ந்த கடை உரிமையாளர் ஒருவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. தண்டனை போதாது என்று கைவினைஞர்கள் பலர் வருந்தினர். அவர்கள் வருத்தம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரு காப்பைச் செய்ய அவர்கள் செலவிடும் நாட்களின் விலையைப் போலி ஒன்று பாதியாக்கிவிடுகிறது.

எதிர்த்தரப்பின் குரலையும் கேட்போம். இறக்குமதி நகையை இறக்குமதி என்றே சொல்லி விற்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை மோசடிக்காரர்களோடு ஒரே கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. பிலிப்பைன்ஸ் தொழிலாளியும் உழைத்தே உண்பவர். தன் நகை வேறு பெயரில் விற்கப்படுவதில் அவருக்குப் பங்கு இருக்க வேண்டியதில்லை. பூர்வகுடி வம்சத்தில் பிறந்தும், முறைப்படி பதிவு பெற்ற உறுப்பினராக இல்லாத கலைஞர்களும் உள்ளனர். சட்டப்படி அவர்களுக்கு ஏதேனும் ஒரு பழங்குடி அரசின் சான்று தேவை. கதவு மூடப்படவில்லை என்றாலும் அதைத் தட்டுவது அனைவருக்கும் எளிதாக இருப்பதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. இந்தச் சட்டம் 1935க்குப் பின் செய்யப்பட்ட பொருள்களுக்கே பொருந்தும். அதாவது, நாணயம் உருக்கிய காலத்து நகைகள், முதன்முதல் கல் பதித்த காப்புகள், ரயில் பயணிகள் வாங்கிச் சென்றவை ஆகிய மிகப் பழைய நகைகள் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. பொதுவான ஏமாற்றுக் குற்றச் சட்டங்கள் உண்டுதான். ஆனால் நூறாண்டுப் பழமை என்று சொல்லப்படும் நகையைப் பொய்யென்று நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம். அந்தக் காலக் கொல்லர்கள் பெரும்பாலும் தம் பெயரைப் பொறிப்பதில்லை. பெயர் முத்திரை பரவலானது 20ஆம் நூற்றாண்டில் வெகு காலம் சென்ற பிறகுதான். ஆக, எந்த நகைகள் மிகவும் மதிப்பு வாய்ந்தவையோ, அவற்றுக்கே சட்டத்தின் காவல் குறைவு. அங்கே மிஞ்சுவது கைமாற்றுகிறவர்களின் நேர்மை ஒன்றுதான். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நாம் வலியுறுத்துவதன் காரணமும் இதுவே.

கல்லைப் பற்றிய உண்மை

டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் கலந்த, நீர்ச்சத்துள்ள பாஸ்பேட் கனிமம். செம்பால் நீலம் கிடைக்கிறது. இரும்பு சேர்ந்தால் பச்சை ஏறும். பாறையின் கருப்பு, பழுப்பு ரேகைகள் கல்லில் ஓடுவதும் உண்டு. நியூ மெக்சிகோவின் செரியோஸ், அரிசோனாவின் பிஸ்பி, மொரென்சி, கிங்மன், நெவாடாவின் லோன் மவுண்டன் என்று சுரங்கத்துக்குச் சுரங்கம் கல்லின் நிறமும் ரேகையும் மாறும். வெளிர் நீலத்துக்குப் பெயர் பெற்ற அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012இல் டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்தியது. நல்ல கல் அரிதாகிவருகிறது.

தரையிலிருந்து எடுக்கும் கல்லில் பெரும்பகுதி மென்மையானது. அப்படியே பதித்தால் உடையும், எண்ணெயும் வியர்வையும் உறிஞ்சி நிறம் மாறும். எனவே பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்துகிறார்கள். இது ஊரறிந்த முறை. அதைச் செய்வதால் ஒருவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிட மாட்டார். மலிவு விலையில் நல்ல நகை தர அதுவே வழி என்று கைவினைஞர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாயமேற்றிய ஹவ்லைட் கல்லையும், கல்தூளைப் பிசினோடு கலந்து வார்த்த கட்டியையும், வெறும் பிளாஸ்டிக்கையும் இயற்கைக் கல் என்று சொல்வதுதான் எல்லை மீறல். பழைய நகைகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. டர்க்காய்ஸைப் போன்ற ஐரோப்பியக் கண்ணாடி மணிகள் அந்தக் காலத்திலேயே வணிகச் சாவடிகள் வழியாக விற்கப்பட்டன. இன்று ‘ஹப்பல் மணிகள்’ என்ற பெயரோடு அவற்றையும் விரும்பிச் சேகரிக்கிறார்கள். கண்ணாடியைக் கண்ணாடி என்று சொன்னால் அதற்கும் ஒரு மதிப்பு கிடைக்கிறது என்பது நம்பிக்கை தரும் செய்தி.

எதைக் காட்டலாம், எதைக் கொடுக்கலாம்

பழைய காப்புகளிலும் கரண்டிகளிலும் சுழலும் மரக்கட்டை என்னும் குறி பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. நம் வீட்டு வாசல்களில் மங்கலக் குறியாக நாம் அறிந்த ஸ்வஸ்திக வடிவமே அது. நவஹோ மரபில் நோய் தீர்க்கும் சடங்கோடு தொடர்புடையது. நாஜிக்கள் அதைக் கொடுமையின் சின்னமாக்கிய பிறகு, 1940இல் நவஹோ, ஹோபி, அப்பாச்சி, பாபகோ ஆகிய நான்கு இனத்தாரும் இனி அதைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்துக் கையெழுத்திட்டனர். அதற்கு முந்திய நகைகளை என்ன செய்வது? யூதக் குடும்பங்களின் வேதனை உண்மையானது. அதற்காகப் பழைய நகையை அராவி அழிப்பது வேறொரு மக்களின் வரலாற்றை அழிப்பதாகிவிடும். குறியின் பொருளையும், அதைச் செய்தவர்களே கைவிட்ட வரலாற்றையும் எழுதிவைத்துக் காட்டுவது இரு தரப்பையும் மதிக்கும் வழி.

புனிதப் பொருள்களின் நிலை வேறு. பழங்குடிகளின் கூட்டுச் சொத்தான புனிதப் பொருள்கள் நாட்டை விட்டு வெளியே போகாமல் தடுக்கும் சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியது. தனிமனிதர் அணியும் சாதாரண நகைகள் அதில் அடங்குவதில்லை. அவை விற்பனைக்கு உரியவையே. அவற்றை விற்பதே பாவம் என்று சொன்னால், அவற்றை விற்று வாழ்ந்த கொல்லர்களின் வாழ்வையும் மறுத்ததாகும்.

யார் என்ன செய்யலாம்

இப்படி ஒவ்வொரு தரப்பையும் எடைபோட்டுப் பார்த்தால், எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய நடுவழி ஒன்று தெரிகிறது. அதற்குப் பெரிய செலவு தேவையில்லை.

வியாபாரிகளும் ஏல நிறுவனங்களும் ரசீதில் சில விவரங்களை எழுதித் தரலாம். செய்தவர் பெயர், காலம், அந்தக் காலத்தைக் கணித்த காரணம், கல் இயற்கையானதா கெட்டிப்படுத்தியதா, எது பழுதுபார்க்கப்பட்டது, யாரிடமிருந்து வந்தது ஆகியவை போதும். தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதுவது விற்பனையைக் கெடுக்காது. காலப்போக்கில் அதுவே நம்பகத்தை வளர்க்கும். அடகுச் சீட்டோ பேரேட்டுப் பதிவோ இல்லாத நகைக்கு ‘பழைய அடகு’ என்ற பெயரைச் சூட்டாமல் இருப்பதை ஒரு தொழில் ஒழுக்கமாக ஏற்கலாம்.

அருங்காட்சியகங்களும் நூலகங்களும் தம் கதவை இன்னும் அகலமாகத் திறக்கலாம். ஹப்பல் சாவடியின் பழைய கணக்குகளும் கடிதங்களும் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. குடும்பங்களின் கடன் விவரங்கள் அடங்கிய இத்தகைய ஆவணங்களை யார், எப்படிப் பார்க்கலாம் என்பதை நவஹோ அரசோடு கலந்து முடிவு செய்வது நல்லது. இளம் கொல்லர்கள் பழைய நகையைக் கையில் எடுத்துப் பார்த்து, பற்றவைப்பின் தடத்தையும் அச்சு உளியின் வெட்டையும் படித்தறிய வாய்ப்பு வேண்டும். அந்தக் கண்களே நாளை போலியை முதலில் கண்டுபிடிக்கும்.

நவஹோ குடும்பங்கள் தம்மிடம் உள்ள நகைகளைப் படமெடுத்து, செய்தவர் பெயரையும் தந்தவர் பெயரையும் எழுதிவைக்கலாம். இது கட்டாயமாக இருக்கலாகாது. குடும்ப நகையைப் பற்றி ஊருக்குச் சொல்ல விரும்பாதவர்களின் மௌனத்துக்கும் மதிப்பு உண்டு. பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் கடந்துபோகும் முன் பேரப்பிள்ளைகள் கேட்டுவைத்தாலே பெரும் பயன் விளையும்.

அரசு, இறக்குமதி நகைகளில் நாட்டுப் பெயர் பொறிக்கும் விதியைத் துறைமுகத்திலேயே கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும். கடையில் போலியைத் தேடுவதைவிட அது எளிது. அதே வேளையில், கிராண்ட் கேன்யனுக்குப் போகும் சாலையோரம் பலகை போட்டு விற்கும் நவஹோ குடும்பத்தின்மீது படிவங்களைச் சுமத்த வேண்டாம். 1930களின் முத்திரை கற்றுத்தந்த பாடத்தை மறக்கலாகாது.

பழைய நகையின் விலை ஏறும்போது அந்த லாபத்தில் எதுவும் இன்றைய கைவினைஞருக்குப் போவதில்லை என்பது உண்மையான மனக்குறை. ஒவ்வொரு மறுவிற்பனையிலும் பங்கு கேட்கச் சட்டம் வேண்டும் என்பது ஒரு தரப்பு. ஏற்கெனவே மெல்லிய லாபத்தில் ஓடும் தொழில் தாங்காது என்பது மறுதரப்பு. இரண்டுக்கும் நடுவே, பெரிய ஏல நிறுவனங்கள் தாமே முன்வந்து ஒரு சிறு பங்கை இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்குவதில் தொடங்கலாம். கொல்லர்களின் வரிசை அறுந்துபோனால் பழைய நகையைப் புரிந்துகொள்ளவும் ஆளிருக்காது என்பதைச் சேகரிப்பாளர்கள் அறிவார்கள்.

வாங்குபவரின் பங்கு எல்லாவற்றிலும் பெரிது. அமெரிக்காவில் வாழும் தமிழர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போய் அந்தப் பக்கம் சுற்றுலா செல்லும் பெற்றோர்களும் இந்த நகைகளை ஆசையோடு வாங்குகிறார்கள். விலையைக் கேட்பதோடு, செய்தவர் யார், எந்த ஊர், கல் எப்படிப்பட்டது என்றும் கேட்போம். பதிலை எழுதித் தரச் சொல்வோம். பழையதை வாங்கும் வசதி உள்ளவர்கள், உயிரோடு இருக்கும் ஒரு கைவினைஞரிடமிருந்தும் ஒன்று வாங்கலாம். பேரம் பேசுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் செய்தவரே எதிரில் உட்கார்ந்து விற்கும்போது, அவருடைய நாட்கூலியையும் சேர்த்து எண்ணிப் பேசுவது நம் கண்ணியம்.

இதெல்லாம் நடக்குமா என்று ஐயுற வேண்டியதில்லை. சாண்டா ஃபே நகரின் பழைய ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகத் துணி விரித்து நகை விற்கிறார்கள். தாமோ தம் வீட்டாரோ செய்த பொருளை, தம் முத்திரையோடுதான் அங்கே விற்கலாம். அந்த விதிகளை வகுப்பதிலும் காப்பதிலும் விற்பவர்களுக்கே பங்கு உண்டு. அருங்காட்சியகம் இடம் தருகிறது, வாங்குபவர் நம்பி வருகிறார். அதே நகரில் 1922 முதல் நடந்துவரும் பூர்வகுடிச் சந்தையும் செய்தவரையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் சந்திக்க வைக்கிறது. ஒரு தாழ்வாரத்திலும் ஒரு சந்தையிலும் நடைமுறையாகிவிட்ட நேர்மையை, ஏலக் கூடத்துக்கும் அடகுக் கடைக்கும் இறக்குமதிக் கிடங்குக்கும் விரிப்பதுதான் மிச்சமுள்ள வேலை. வாங்கும் ஒவ்வொருவரும் கேள்வி கேட்கத் தொடங்கினால், விற்கும் ஒவ்வொருவரும் பதில் வைத்திருக்கத் தொடங்குவார்கள். அந்தத் தொடக்கம் நம் கையிலும் இருக்கிறது.